புதுப்பிப்பு: 4 கிலோ நாய்க்கு ஓயாத அரிப்பு, காதுப் புண் – காரணம் பிடிபட்டது

என் நாயின் இந்தத் தொந்தரவு பற்றி முன்பு இங்கே கேட்டபோது யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது உணவு விலக்குச் சோதனைதான்: 8 வாரம் ஹைட்ரோலைஸ்டு புரத உணவு (ஒவ்வாமையைத் தூண்டாதபடி புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்தது) மட்டும், வேறு ஒரு துணுக்குகூடக் கூடாது. முதல் 3 வாரம் மாற்றமே இல்லை. எதிர்பாராத காரணம், மாதாமாதம் கொடுத்த மெல்லும் உண்ணி மாத்திரை! சுவைக்காக அதில் மாட்டிறைச்சிப் புரதம் சேர்த்திருந்தார்கள். மருத்துவரிடம் கேட்டு, பிடரியில் விடும் சொட்டு மருந்துக்கு மாறி, 8 வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்கியதும் அரிப்பு படிப்படியாக அடங்கியது. பிறகு கோழி கொடுத்தபோது தொந்தரவு இல்லை. மாட்டிறைச்சி கொடுத்த 4ஆம் நாளே பாதம் நக்கல் திரும்பியது. பழைய உணவை ஒவ்வொன்றாக மீண்டும் கொடுத்துப் பார்க்கும் இந்த மறுசோதனை இல்லாமல் காரணம் உறுதியாகாது. உணவு ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனையை நம்பமுடியாது. ஆனால் முகம் வீங்கி மூச்சுத் திணறிய நாய்க்கு வீட்டில் மறுசோதனை வேண்டவே வேண்டாம்.