வேலை நின்ற கல்குவாரியும் சுற்றுப்புறமும்: பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி – மூலைக்கரைப்பட்டி வாசகர்

எங்கள் ஊருக்கு மேற்கே பல ஆண்டுகளாக வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில், மழைநீர் தேங்கிப் பச்சை நிறத்தில் கிடக்கிறது. மாலையில் அதன் மேட்டில் மயில்கள் வந்து இறங்குகின்றன. அரையாண்டு விடுமுறைக்கு வரும் தங்கை பிள்ளைகளை அங்கே குளிக்க விடலாமா? சுற்றியுள்ள இடங்களில் எவற்றைக் காட்டலாம்?

பதில் – முன்னாள் குவாரித் தொழிலாளி

அண்ணாச்சி, தயவுசெய்து குளிக்க விடாதீர்கள். நான் பதினோரு ஆண்டுகள் கம்ப்ரசர் காற்றில் ஓடும் துளைக்கருவி பிடித்து, பாறையில் வெடிமருந்து வைக்கும் வெடிக்குழி போட்டவன். குளத்தில் கரையிலிருந்து ஆழம் படிப்படியாகக் கூடும். குவாரியிலோ ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும், பாறையைச் செங்குத்தாக வெட்டியிருப்பதால் ஏறி வரப் பிடிப்பும் கிடைக்காது. வெடி அதிர்வில் விழுந்த விரிசல்களில் மழைநீர் இறங்குவதால் விளிம்பையும் நம்ப முடியாது. 2022 மே 14 அன்று இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கியதையும், அவர்களில் நால்வர் இறந்ததையும் நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

தள்ளி நின்று பார்க்கலாம். எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழாக, பிளந்த மூங்கிலின் உட்புறம்போல் ஓடும் தடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவை நாங்கள் போட்ட வெடிக்குழிகளின் ஒரு பாதி. மறுபாதி ஜல்லியாகி லாரியில் போய்விட்டது.

பதில் – பாளையங்கோட்டை ஆசிரியை

உங்களுக்கு அருகிலேயே கூந்தன்குளம் இருக்கிறதே! குளத்தில் நீர் இருந்தால், குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் காலையில் காணலாம். வீட்டு வாசல் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும் அவ்வூரில், அவை கலையக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. பிற்பகலில் திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலுக்குச் செல்லுங்கள். அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் சிலையருகே பிள்ளைகளைச் சற்று நேரம் நிற்க வையுங்கள்.

பதில் – கோவில்பட்டி வாசகர்

இன்னொரு நாள் கிடைத்தால் கழுகுமலைக்கு வாருங்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முழுமையாக இருக்க, கீழ்ப்பகுதி செதுக்கப்படாத பாறையாகவே நிற்கிறது. உளி எந்த இடத்தில் நின்றது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வெயிலில் பாறை சுடும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.