தேம்ஸ் கரை கெஸ்ட் ஹவுஸ்: ‘1870 முதல் ஒரே குடும்பம்’ என்பதைச் சென்னையிலிருந்தே சரிபார்க்க முடியுமா?

அடையாறு வாசு:
வணக்கம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் கரைக் கிராமம் ஒன்றில் உள்ள கெஸ்ட் ஹவுஸுக்கு இங்கிருந்து வலைத்தளம் செய்கிறோம். ‘1870 முதல் ஒரே குடும்பம்’ என்று போடச் சொல்கிறார்கள். ஆதாரமில்லாமல் போட மனசு வரவில்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (அங்குள்ள அரசு நிலப் பதிவகம்) அந்த வீட்டுக்குப் பதிவே இல்லை. வேறு எதைப் பார்க்கலாம்?

மயிலை கோமதி:
பதிவு இல்லாததைக் கண்டு பயப்படாதீங்க சார். வீட்டை விற்றால் பதிவு கட்டாயம் என்பது இங்கிலாந்து முழுமைக்கும் வந்ததே 1990 டிசம்பரில்தான். வாரிசுக்கு மாற்றினாலும் கட்டாயம் என்றானது 1998 ஏப்ரலில். அதற்கு முன்பே கைக்கு வந்த சொத்து பதிவில் இல்லாமல் இருக்கலாம். அதனால் 1870 நிரூபணம் ஆகிவிடாது, அவ்வளவுதான். நம்ம ஊர் மாதிரி வில்லங்கம் போட்டுப் பார்க்கவும் அங்கே வழியில்லை. மூலப்பத்திரம் வீட்டிலோ வக்கீலிடமோ இருக்கும், முதலில் அதை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்க.

அடுத்தது சென்சஸ். 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை, பெயர்வாரியாகக் கிடைக்கும். 1931 ஏடுகள் தீயில் போயின, 1941-இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த மக்கள் பதிவேடு உதவும்.

ஆற்றங்கரை விடுதி, மீன்பிடிக்க வருபவர்கள் தங்கியிருப்பார்கள் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. 1851 முதல் 1911 வரை கணக்கெடுத்தது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில். 1878 சட்டத்துக்குப் பிறகு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அங்கே டிரவுட், சால்மன் தவிர மற்ற நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. விருந்தாளிப் பெயர் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. அது சீசனே இல்லை. 1921 கணக்கு மட்டும் வேலைநிறுத்தப் பிரச்சினையால் தள்ளிப்போய் ஜூன் 19-இல் நடந்தது. அந்தப் பக்கத்தைக் கட்டாயம் வாங்கிப் பாருங்க, ‘விசிட்டர்’ (விருந்தாளி), ‘போர்டர்’ (பணம் கொடுத்துத் தங்கிச் சாப்பிடுபவர்) என்று இருக்க நல்ல வாய்ப்பு.

பெரம்பூர் சேகர்:
கோமதி மேடம் சொன்னதோடு கெல்லிஸ் டைரக்டரியும் (ஊர்வாரியாக வியாபாரிகள் பெயர் தரும் பழைய விவரப் புத்தகம்) பாருங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். கிராமத்தின் பெயருக்குக் கீழே வியாபாரிகள் பட்டியலில் ‘அபார்ட்மெண்ட்ஸ்’ என்றிருந்தால் அறை வாடகைக்கு விட்டார்கள் என்று பொருள். சென்சஸில் கணவர் தொழில் மட்டும் எழுதி, மனைவி நடத்திய விடுதி விடுபட்டுப்போவது சகஜம். டைரக்டரியில் அது அகப்படும்.

அடையாறு வாசு:
1871-இல் அதே குடும்பப் பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பெயரோ எண்ணோ இல்லை. இதே வீடுதான் என்று எப்படிச் சொல்வது?

பெரம்பூர் சேகர்:
கணக்கெடுத்தவர் நடந்த வழியைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து வீடு பார்த்தால் மாவுமில், லாக்-கீப்பர் (படகு மடைக் காவலர்) குடில், பப் என்று இடம் தெரிந்த ஏதாவது தட்டுப்படும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (பிரிட்டன் அரசு நில அளவைத் துறை) மைலுக்கு 25 அங்குல வரைபடம் இலவசம். அதில் அதே வரிசையைப் பொருத்துங்கள். 1871, 1881, 1891 மூன்றிலும் வரிசை ஒத்துவந்தால் நம்பலாம்.

குடியிருந்தவர் வேறு, உரிமையாளர் வேறு என்பதையும் மறக்காதீர்கள். சென்சஸ் இருந்தவரை மட்டும்தான் காட்டும். 1910-க்குப் பின் நடந்த நிலமதிப்பீட்டின் களக் குறிப்பேட்டில் இருவர் பெயரும் தனித்தனியே இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 58 வரிசை அது. முதலில் மதிப்பீட்டு வரைபடத்தில் மனை எண், பிறகு அந்த எண்ணுக்குரிய ஏடு. நகல் கேட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

அதில் உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால், ‘1871-இலேயே இந்த வீட்டில் வாழ்ந்த குடும்பம்’ என்று மட்டும் போடுங்கள்.