காட்டுத்தீயின் கார்பனைச் செயற்கைக்கோள் அளக்கிறதா, கணக்கிடுகிறதா?

அளவுகோல்:
"2023-இல் கனடாவின் காட்டுத்தீ வெளியேற்றிய 647 டெராகிராம் (ஒரு டெராகிராம் பத்து லட்சம் டன்) கார்பனைச் செயற்கைக்கோள் அளந்துவிட்டது" என்று தணல் எழுதியதைப் படித்ததும் பொறுமை போய்விட்டது. அளக்கவில்லை, கணக்கிட்டார்கள். செயற்கைக்கோளில் உள்ள டிரோபோமி கருவி பார்த்தது கார்பன் மோனாக்சைடை மட்டுமே. அந்தப் புகை கிளம்பிய இடத்தைக் காற்றோட்டக் கணினி மாதிரியில் பின்னோக்கித் தேடி, மோனாக்சைடுக்கும் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துப் பெற்ற எண் அது. 570 முதல் 727 வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்க, அந்த வரம்பை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள்.

தணல்:
வெப்பமானி காய்ச்சலையா பார்க்கிறது? பாதரசம் விரிவதைப் பார்த்துச் சொல்வதை அளவீடு என்று ஏற்கிறீர்கள், இதை மட்டும் மறுக்கிறீர்கள். 2019–20 ஆஸ்திரேலியத் தீக்கு இதே கருவியின் பதிவுகள் 715 டெராகிராம் கார்பன் டை ஆக்சைடு என்று காட்டின. எரிந்த பரப்பு போன்றவற்றிலிருந்து உமிழ்வைக் கணக்கிடும் வழக்கமான தீப்பட்டியல்களின் சராசரி அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

அளவுகோல்:
அந்த 715-க்கும் 517 முதல் 867 வரை வரம்பு உண்டு. இத்தனை அகலமான விடையைத் தரும் வெப்பமானியை எந்த மருத்துவரும் கையில் எடுக்க மாட்டார். அந்தத் தீப்பட்டியல்கள் நம்பும் எரிபரப்பின் கதையும் இதுதான். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி 500 மீட்டர் கட்டங்களில் பார்த்த சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 20 மீட்டர் நுணுக்கத்தில் பார்த்தபோது, 2016-இல் எரிந்த நிலம் 80 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அதன்மேல் எரிபொருள் எடை, எரிந்து தீர்ந்த பங்கு, உமிழ்வுக் காரணி (எரிந்த ஒவ்வொரு கிலோவும் வெளியிடும் வாயு) என்று மூன்றைப் பெருக்குகிறார்கள். ஆகவே அது கணக்கு, அளவீடு அன்று.

மேகம்:
சவன்னாப் புல் அடுத்த மழையில் முளைத்துத் தான் இழந்த கார்பனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். முற்றா நிலக்கரி மண் (சதுப்பில் மட்காமல் சேர்ந்த தாவர எச்சம்) எரிந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது போய்விடும். இதைப் பேசாமல் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்களே!

அளவுகோல்:
அது வேறு கேள்வி.

மேகம்:
மீத்தேன் விவாதத்திலும் இதையே சொல்லித்தான் என் வாயை அடைத்தீர்கள். நீங்கள் எழுப்பாத கேள்வியெல்லாம் உங்களுக்கு வேறு கேள்வி.

தணல்:
மேகம் சொல்வதில் பொருள் உண்டு. ஆனாலும் வளிமண்டலத்தில் இருந்த வாயுவைக் கருவி நேரில் கண்டது. நான் அளவீடு என்றே எழுதுவேன்.

அளவுகோல்:
மேகத்தின் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடரின்றிக் கனன்று புகையும் மண்ணில் மோனாக்சைடின் பங்கு கூடும். விகிதம் மாறினால் உங்கள் 647-உம் மாறும். கண்டது மோனாக்சைடு, எழுதியது கார்பன். இதற்கு விடை சொல்லிவிட்டு அளவீடு என்று எழுதுங்கள்.