உளநோய்ச் சிகிச்சைக்குக் காப்புறுதி மறுப்பு: வழி அறிந்தோர் உதவவும்

மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் என் அக்கா கடும் மனச்சோர்வினால் உணவும் உறக்கமும் இழந்து, கடந்த பெப்ரவரியில் தனியார் வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டார். அவரது வேலைத்தலம் எடுத்துக்கொடுத்த குழுக் காப்புறுதி, 'உளநோய்கள் உள்ளடங்கா' என்ற ஒற்றை வரியைக் காட்டிக் கொடுப்பனவை மறுத்துவிட்டது; அதே காப்புறுதிதான் முன்பு அவரது டெங்குச் சிகிச்சைக்கு மறுபேச்சின்றிப் பணம் செலுத்தியது.

நோய் நிர்ணய அட்டை, வைத்தியரின் கடிதம், மருந்துப் பற்றுச்சீட்டுகள் யாவற்றையும் இணைத்து மேன்முறையீடு செய்தும், வேலைத்தலத்தின் ஊடாகக் கேட்டும் அதே பதில்தான். இப்போது அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை தொடர்கிறது. ஆனால் அன்று அடகு வைத்த தாலிக்கொடி இன்னும் மீளவில்லை.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக உளநோய்க்கும் காப்புறுதி வழங்குவதைக் கட்டாயமாக்கியுள்ளது. இங்கும் அது கட்டாயமாக வேண்டும்.

இத்தகைய மறுப்பை எதிர்த்து காப்புறுதி தொடர்பான முறைப்பாடுகளை விசாரிக்கும் இலங்கைக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டுப் பணம் பெற்றவர் எவரேனும் இக்குழுவில் இருக்கிறீர்களா?