உயிரித் தொழில்நுட்பக் கண்காட்சி: அரங்கு எடுப்பதா, சந்திப்புகளுக்கு மட்டும் பதிவு செய்வதா?

கேள்வி

வணக்கம். நால்வர் சேர்ந்து நடத்தும் சிறிய நிறுவனம் எங்களுடையது. குறைந்த வெப்பநிலையிலும் கறை நீக்கக்கூடிய சலவை நொதி ஒன்றை பேசில்லஸ் பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, 5 லிட்டர் நொதிப்புக் கலன் வரை சோதித்திருக்கிறோம். அடுத்த கட்டத்திற்கு ஓர் ஒப்பந்த உற்பத்தி நிறுவனமும், உரிமம் பெற முன்வரும் ஒரு சலவைப்பொருள் நிறுவனமும் தேவை. சர்வதேசக் கண்காட்சி ஒன்றில் அரங்கு எடுத்து, முடிவுகளை வரைபடங்களோடு காட்சிக்கு வைக்கலாம் என்பது என் எண்ணம். அந்தச் செலவு வீண் என்கிறார் என் கூட்டாளி. அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

மறுமொழி 1

உங்கள் கூட்டாளி பக்கமே நான் நிற்கிறேன். கருவிகள், வேதிப்பொருள்கள், ஆய்வகச் சேவைகள் என்று நூற்றுக்கணக்கானோருக்கு விற்க வேண்டியவர்களுக்கு அரங்கு அவசியம். உங்களுக்குத் தேவைப்படுவதோ இரண்டே இரண்டு நிறுவனங்கள். அரங்கை எடுத்துவிட்டால் நால்வரில் இருவர் நாள் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பேனாவும் பையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பயோ சர்வதேச மாநாடு, பயோ-யூரோப் போன்ற நிகழ்வுகளில் உண்மையான வணிகம் முன்பதிவு செய்யப்பட்ட அரை மணி நேரச் சந்திப்புகளில்தான் தொடங்குகிறது. சந்திப்புகளைக் கோரிப் பதிவு செய்யும் பார்ட்னரிங் இணையதளம் திறந்த உடனேயே நிறுவனக் குறிப்பைப் பதிவேற்றிவிட்டு, யாரைச் சந்திக்க வேண்டுமோ அவருக்கு ஏன் சந்திக்க வேண்டும் என்று மூன்று வரிகளில் எழுதி அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினால் பதில் வராது.

ஒப்பந்த உற்பத்தியாளர்கள் தங்கள் அரங்குகளில் இருப்பார்கள், ஆனால் அங்கே முகப்பில் நிற்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவினர். தொழில்நுட்ப அலுவலர் ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்று சந்திப்புக் கோரிக்கையிலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது உங்கள் நொதியின் பெருமையை அல்ல. பாக்டீரியா வித்துகளை, அதாவது வெப்பத்தையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவத்தை, உருவாக்குமா என்பதைத்தான். வித்துகள் ஆலையில் தங்கிவிட்டால் அடுத்த வாடிக்கையாளரின் உற்பத்தியும் மாசுபடும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அதற்கடுத்து ஆக்சிஜன் தேவையும் வெப்ப வெளியீடும் வரும். 5 லிட்டர் கலனில் எளிதாக வெளியேறும் வெப்பம், கொள்ளளவோடு ஒப்பிடும்போது சுவர்ப்பரப்பு குறைந்துவிடும் 10,000 லிட்டர் கலனில் பெரிய தடையாகிவிடும். இந்த எண்கள் கையில் இல்லாமல் போனால் அரை மணி நேரம் நலம் விசாரிப்பிலேயே கழிந்துவிடும்.

மறுமொழி 2

அரங்கா, சந்திப்பா என்பதை விட அவசரமானது உங்கள் கடைசி வாக்கியம். விண்ணப்பிக்காமல் அந்த வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தால், அது பொதுவெளியில் வெளியிட்டதாகவே கொள்ளப்படும். அதன் பிறகு ஐரோப்பாவில் உங்கள் கண்டுபிடிப்பு புதுமை இழந்துவிடும், காப்புரிமை கிடைக்காது. கண்காட்சிகளுக்கு ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தில் ஆறு மாத விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் 1928 ஆம் ஆண்டின் சர்வதேசக் கண்காட்சி உடன்படிக்கையின்படி அங்கீகரிக்கப்பட்டவற்றுக்கே அது பொருந்தும். வழக்கமான வணிகக் கண்காட்சி அந்த வகையில் சேராது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு என்பதை நம்பி மற்ற நாடுகளில் காப்புரிமை வாய்ப்பை இழந்தவர்கள் பலர்.

முதல் விண்ணப்பத்தைக் கண்காட்சிக்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்து முன்னுரிமை கோரலாம், அதாவது அங்கும் முதல் விண்ணப்பத்தின் தேதியே கணக்கில் கொள்ளப்படும். முதல் சந்திப்பிலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பெரிய நிறுவனங்கள் பொதுவாக முன்வருவதில்லை. ஆகவே நொதியின் அமினோ அமில வரிசை, மரபணு மாற்றத்தின் விவரம் இரண்டையும் தவிர்த்து, செயல்திறன் முடிவுகள் மட்டும் கொண்ட பத்துப் பக்க விளக்கம் ஒன்றைத் தனியே தயாரியுங்கள். விண்ணப்பித்த பிறகும் அதையே காட்டுவது நல்லது, ஏனெனில் அடுத்த கட்ட மேம்பாடுகளுக்கு நீங்கள் இன்னும் விண்ணப்பித்திருக்க மாட்டீர்கள்.

மறுமொழி 3

முதல் மறுமொழியோடு ஓரளவு மாறுபடுகிறேன். தனி அரங்கு வேண்டாம், சரி. ஆனால் பல சிறு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் கூட்டரங்கில் ஒரு மேசை கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வடிகட்டிச் சவ்வு விற்பவர் இருந்தார். புரதத்தைப் பிரித்தெடுப்பதில் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பைப் பற்றி மாலையில் சும்மா பேசப்போய், சவ்வின் துளை அளவையே மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். அந்த மனிதரைச் சந்திக்க வேண்டும் என்று எந்தத் தளத்திலும் நாங்கள் கோரியிருக்க மாட்டோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வரைபடங்களுக்கு அச்சகத்தில் கொடுத்திருந்ததை இன்று நிறுத்திவிட்டேன். காப்புரிமை வழக்கறிஞரைப் பார்த்த பிறகே பதிவு செய்வோம். ஒரே ஒரு ஐயம்: சந்திப்பில் நொதி மாதிரி கேட்டால் கொடுக்கலாமா?

மறுமொழி 2

கையோடு கொடுக்க வேண்டாம். பகுப்பாய்வு செய்யக் கூடாது, மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அனுப்புங்கள். கேட்டவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் அந்த இரண்டு வாரம் காத்திருப்பார்.