இடப்பக்க மிதியடிக்குக் கீழே ஈரம், அணையாத ஏர்பேக் விளக்கு: நான் வாங்கியது வெள்ளத்தில் நின்ற காரா?

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு, சித்திரை முதல் வாரத்தில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒருவரிடமிருந்து 2018-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் காரை 4,25,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவர்தான் முதல் உரிமையாளர். வண்டி 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்விட்டதால், தை மாதத்திலிருந்து பங்குனி முடியும்வரை வண்டி வீட்டு முன்னால் ஓடாமல் நின்றது என்று அவரே சொன்னார்.

வாங்கிய ஒரு வாரத்தில் ஏசி போட்டதும் பழைய ஈரத்துணி நாற்றம் வரத் தொடங்கியது. முன்பக்கம் இடதுபுற மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கார்பெட் நனைந்திருக்கிறது, கையால் அழுத்தினால் நீர் ஊறி வருகிறது. ஏர்பேக் விளக்கு சில நாள்களில் வண்டி கிளம்பிய பிறகும் அணையாமல் நிற்கிறது. ஓட்டுநர் பக்கத்துப் பவர் விண்டோ பாதியில் நின்றுவிடுகிறது. போதாததற்கு, காப்பீட்டை என் பெயருக்கு மாற்றியபோது, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்று சொல்லி என்னிடம் வித்தியாசத் தொகையும் வாங்கினார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் வண்ணார்பேட்டையில் எந்த அளவுக்கு ஏறியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் மைத்துனர் இந்த அறிகுறிகள் அனைத்தையும் கேட்டுவிட்டு, இது வெள்ளத்தில் நின்ற வண்டி, சந்தேகமே வேண்டாம் என்கிறார். விற்றவரோ, அன்று முன்னிரவிலேயே வண்டியை மகாராஜநகரில் மேடான இடத்திலிருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியவில்லை.

சங்கரன்கோவில் வாசகர் எழுதியது:

யோசிக்க என்ன இருக்கிறது? ஈரம், நாற்றம், மின்கோளாறு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வெள்ள வண்டிதான். நாளைக்கே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தாமதித்தால் உங்கள் கையில்தான் கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவார்கள்.

பேட்டை பழைய மெக்கானிக் எழுதியது:

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது தம்பி. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, ஆறு மாத காலம் இருக்கைகளைக் கழற்றி வண்டல் வாரிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெள்ளத்தில் நின்ற வண்டியில் நீருக்கு ஒரு மட்டம் இருக்கும், ஒழுகுகிற வண்டியில் நீருக்கு ஒரு வழி இருக்கும். நீங்கள் சொல்வதில் இடப்பக்கம் முன்னால் மட்டும்தான் ஈரம். ஆற்று நீர் காருக்குள் வந்தால் இடது, வலது பார்த்து வராது. நான்கு கால்மாடுகளிலும் ஒரே உயரத்துக்கு நின்றுவிட்டுத்தான் வடியும். தவிர, அது வந்து பதினாறு மாதம் ஆகிறது. அன்றைய நீர் இன்றைக்குக் கையில் ஊறி வருவதற்கு வழியில்லை. அன்றைக்கு வந்திருந்தால் இன்று மிஞ்சியிருப்பது துருவும் வண்டலும்தானே தவிர ஈரம் அல்ல. இப்போது ஈரம் இருக்கிறதென்றால், இப்போதும் எங்கிருந்தோ நீர் வந்துகொண்டிருக்கிறது.

மட்டம் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். விற்பவர்கள் கார்பெட்டை மாற்றுவார்கள், இருக்கை உறையை மாற்றுவார்கள், ஆனால் சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைக் கழுவுவதற்குப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் அதுதான் மட்டம். பிறகு முன் இருக்கைகளை முழுதும் பின்னால் தள்ளி, அடியிலிருக்கும் கம்பிச் சுருள்களையும் இருக்கை ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியின் மூலைகளை விரலால் தடவுங்கள். ஆற்று வண்டல் மாவு போல நுண்ணியது, நூறு முறை வாட்டர் சர்வீஸ் செய்தாலும் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, யாரும் துடைக்காத இடத்திலுள்ள திருகுகள் பளபளப்பாக இருக்கின்றனவா, ஃபியூஸ் பாக்ஸின் செப்பு முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு கேள்வி. அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால், வண்டிக்கு அடியில் நீர் சொட்டித் தரை நனைகிறதா?

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, நான்கு பெல்ட்டுகளையும் இழுத்துப் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை. இருக்கைக்கு அடியில் கம்பிகள் கறுப்பாகவே இருக்கின்றன, இடப்பக்கத் தண்டவாளத்தின் முன் போல்ட்டில் மட்டும் கொஞ்சம் துரு. ஸ்டெப்னிக் குழியில் தூசிதான் இருந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் சைலன்சர் முழுக்கவும், பின் அச்சின் மேலும் நல்ல துரு தெரிகிறது.

நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்: முற்றத்தில் ஒரு சொட்டு நீர்கூட விழுவதில்லை. எங்களிடம் முன்பிருந்த வண்டி நின்ற இடத்தில் குளமே கட்டும்.

உவரிக் கடற்கரையிலிருந்து எழுதியது:

அடியில் தெரியும் துருவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். என் வண்டி ஒரு நாளும் வெள்ளத்தைப் பார்த்ததில்லை. ஆனால் கடற்காற்றில் நான்கே வருடத்தில் சைலன்சர் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. அதைக் காட்டியே, வெள்ளத்தில் நின்றது என்று சொல்லி, ஒரு தரகர் என்னிடம் நாற்பதாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். வெளித்துரு எங்கேயும் வரும், உள்ளே வரும் துருதான் பேசும்.

பேட்டை பழைய மெக்கானிக் எழுதியது:

உவரிக்காரர் சொல்வது சரி. சைலன்சர் சூடாகி ஆறுவதால் மற்ற பாகங்களைவிட முந்தித் துருப்பிடிக்கும்.

தம்பி, உங்கள் வண்டியில் நீர் வரும் வழி அநேகமாகத் தெரிந்துவிட்டது. ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளின் மேல், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் வியர்ப்பது போல, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். அந்த நீர் ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியாக இஞ்சின் பக்கத்துத் தடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே சொட்ட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் நீர் தட்டில் நிறைந்து உள்ளே வழியும். ஏசிப் பெட்டி இடப்பக்கம் இருப்பதால் இடப்பக்கக் கார்பெட்தான் முதலில் நனையும். கார்பெட்டுக்கு அடியில் இருப்பது பஞ்சு. மேலே லேசாக ஈரம் தெரிந்தால் அடியில் ஒரு குடம் நீர் இருக்கும்.

இருந்தாலும் மற்ற இரண்டு வழிகளையும் தள்ளிவிட்டுப் பேசுவதே முறை. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் வேப்பிலைச் சருகு சேர்ந்து அடைத்திருந்தால் மழைநீர் உள்ளே வரும். ஆனால் அது மழைக்குப் பிறகுதான் நனையும், உங்களுக்கு மழையில்லாமலே நனைகிறது. அடுத்தது, ஹீட்டர் சுருளில் ஓட்டை விழுந்து, இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிவது. வந்திருக்கும் நீரை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நிறமும், பிசுபிசுப்பும், இனிப்பான வாடையும் இருந்தால் கூலன்ட், வெறும் நீராக இருந்தால் ஏசி. கூலன்ட் டப்பாவில் அளவு குறைகிறதா என்பதையும் காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்துவிடுங்கள்.

குழாயைச் சுத்தம் செய்யும்போது டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்து அழுத்தி ஊதச் சொல்லாதீர்கள். உள்ளே பொருத்திய இடத்தில் குழாய் கழன்றுவிட்டால் பிறகு டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். கீழிருந்து உறிஞ்சி எடுப்பதுதான் பாதுகாப்பு.

காப்பீட்டுத் துறையில் இருப்பவர் எழுதியது:

நோ கிளெய்ம் போனஸ் பற்றி ஒரு விளக்கம். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. விற்றவர் அதைத் தம் அடுத்த வண்டிக்குக் கொண்டு போகலாம். வாங்கியவர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், பாலிசியின் மீதிக் காலத்துக்கு உரிய வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். ஆகவே உங்கள் பெயரில் பூஜ்யம் என்பது வழக்கமான நடைமுறையே.

நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய பழைய பாலிசி. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். வெள்ளத்துக்குப் பிறகு, 2024-இல் அவர் புதுப்பித்த பாலிசியில் 50 சதவீதம் அப்படியே இருந்தால், அந்த வெள்ளத்துக்காக அவர் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு வாங்கவில்லை என்று பொருள். ஆனால் அதையே முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்கள், வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கைக்காசு போட்டுத்தான் சரிசெய்தார்கள். அவர் காகிதம் எந்த வகை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டி வாங்கிய 14 நாள்களுக்குள் காப்பீட்டு மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதை மற்றவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தள்ளிப்போட்டு, இடையில் ஒரு விபத்து நடந்து, தம் வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காமல் நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

விற்றவரிடம் கேட்டேன், முகம் சுளிக்காமல் 2023, 2024 இரண்டு ஆண்டுப் பாலிசிகளையும் அனுப்பினார். இரண்டுமே முழுக் காப்பீடு, இரண்டிலும் 50 சதவீதம். துணியில் ஒற்றியதும் வெறும் நீர்தான்.

ஆனால் இன்று அம்பாசமுத்திரத்தில் வண்டியைத் தூக்கிக் குழாயைப் பார்த்தபோது மறுபடியும் வயிறு கலங்கிவிட்டது. குழாயின் வாயிலிருந்து சேறு வந்தது! மேலே குழைந்த சேறு, அதன் பின்னால் விரல் நுனி அளவுக்குக் கெட்டியான ஒரு மண் உருண்டை. பட்டறையில் நின்ற எல்லோரும் இது ஆற்று வண்டலேதான் என்கிறார்கள். அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

பேட்டை பழைய மெக்கானிக் எழுதியது:

அந்த உருண்டையை உடைத்துப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

உடைத்தேன் அண்ணாச்சி. உள்ளே ஓர் அறை மாதிரி இருக்கிறது, அதில் காய்ந்துபோன சிறு சிலந்திகள் ஏழெட்டு.

பேட்டை பழைய மெக்கானிக் எழுதியது:

குளவிக்கூடு. சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து, குஞ்சுக்கு இரையாக உள்ளே வைத்து, ஈர மண்ணால் வாயைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. ஏசி ஓடாமல் மூன்று மாதம் நின்ற வண்டியின் குழாயும் சுவர்ப் பொந்தும் அதற்கு ஒன்றுதான். நம் பக்கத்தில் பூட்டுத் துவாரத்தையே விட்டுவைக்காத குளவி, இதை விடுமா? வெள்ளச் சேறு குழாயில் ஏறியிருந்தால் அறை கட்டியிருக்காது.

இப்போது வேலை கார்பெட்டில்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலில் நிறுத்தினால் மேல்துணி காயும், பஞ்சு காயாது. இடப்பக்க இருக்கையைக் கழற்றி, கார்பெட்டை மடித்துத் தூக்கி, பஞ்சைப் பிழிந்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டும். ஏசியின் கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், நாற்றத்தில் பாதி அதில்தான் தங்கியிருக்கும்.

மேலப்பாளையம் ஆட்டோ எலக்ட்ரீசியன் எழுதியது:

இருக்கையைக் கழற்றுவதற்கு முன்பு, ஏர்பேக் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் எரிந்து அணைவது இயல்பு. அணையாமல் நின்றால், மோதலின்போது பை விரியாமல் போகலாம் என்று எடுத்துக்கொண்டு, தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். ஏர்பேக்கோடு சேர்ந்து இயங்கும் இடப்பக்க சீட் பெல்ட்டுக்குப் போகும் ஒயர், கதவுப்படி ஓரமாகக் கார்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. அந்த இணைப்பில் ஈரம் ஏறினால் மின்தடை மாறி விளக்கு எரியும். மஞ்சள் நிறத்தில் இருக்கும் எந்தக் கனெக்டரையும் பேட்டரி இணைப்பில் இருக்கும்போது கழற்றக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்த பிறகே, பழகிய கை தொட வேண்டும். டெஸ்ட் லைட் வைத்து அந்த ஒயரைச் சோதிக்கவே கூடாது, ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

பவர் விண்டோவுக்கும் இந்த ஈரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுநர் கதவு ஈரத்துக்கு எதிர்ப்பக்கம். ஏழு வருட வண்டியில் சுவிட்சின் தொடுமுனை கரி பிடிப்பது சாதாரணம். ஒரு பயம் வந்துவிட்டால் வண்டியிலுள்ள எல்லாக் கோளாறுகளையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பஞ்சிலிருந்து முக்கால் வாளி நீர் வந்தது. ஸ்கேனரில் இடப்பக்க சீட் பெல்ட் இணைப்புதான் காட்டியது. காயவைத்து, ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்து, கோளாறுக் குறியீட்டை அழித்த பிறகு விளக்கு ஒரு நாளும் அணையாமல் நிற்கவில்லை. விண்டோ சுவிட்சைத் தனியாகச் சுத்தம் செய்ததில் அதுவும் சரியானது. கூலி, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். விற்றவரிடம் போனில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். முற்றத்தில் இப்போது நன்றாகக் குளம் கட்டுகிறது. மறுபடியும் குளவி வராமல் இருக்கக் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறேன், அது போதுமா?

பேட்டை பழைய மெக்கானிக் எழுதியது:

வலை வேண்டாம் தம்பி. தூசியும் பாசியும் அதில் படிந்து, குளவி செய்த வேலையை வலையே செய்துவிடும். வண்டியை நிறுத்தி வைக்கிற காலத்தில் வாரம் ஒரு முறை இருபது நிமிடம் ஏசியைப் போட்டு, அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

கல்லிடைக்குறிச்சிக்காரன் எழுதியது:

சரி அண்ணாச்சி. வலையை இப்போதுதான் அவிழ்த்துவிட்டு வந்தேன்.