முனியறை, நடுகல், தாழி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோவில்கடவு:
தென்காசிநாதர் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேட்டு முனியறைகள்தான், கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈம அறைகள், கேரளத்து மறையூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கரும்பு வெட்டு முடிந்து அந்த வழியாக வந்த பாட்டி ஒருவர், சரிந்து கிடந்த மூடுகல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இதுக்குள்ள புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் தம்பி" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒத்தை ஆளுக்கு இவ்வளவு அகலம் எதுக்கு?" எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புறநானூறு 256, கணவனை இழந்தவள் குயவனிடம் 'தாழியை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெரிய பானையை) எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்' என்று கேட்கிற பாட்டு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கூடலூர்க்காரி, தேனி:
எனக்குப் புலிமான்கோம்பை நடுகல். 2006ல் கிடைத்ததே, பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்குமே, அதுதான். ஆகோள் என்றால் மாடு கவர்கிற சண்டை, அதில் இறந்த அந்தவனுக்கு நட்ட கல் இது. படத்தை அப்பாவிடம் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மலைமாடு மேய்த்தவர் அவர். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, மாடு திரும்பி வந்துச்சா?" என்றார். அந்தவன் மாட்டை ஓட்டிப் போனவனா, மீட்கப் போனவனா என்றுகூடக் கல்லில் இல்லையே, அப்பாவுக்கு என்ன சொல்வது?

பாலக்காட்டான்:
எங்கள் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஜேசிபி தாழியை உடைத்ததைப் பார்த்தேன், மண்ணோடு ஒரு சின்னக் கிண்ணம் உருண்டு வந்தது. அவ்வளவுதான் என் கதை. கோவில்கடவு, பாட்டி பேச்சைச் சான்றாக எடுக்காதீர்கள். இந்த முனியறைகள் கட்டப்பட்ட பெருங்கற்காலத்தில் எலும்புகளைப் பிறகு பொறுக்கி வந்து வைக்கிற வழக்கம் உண்டு, ஒரே அறையில் பலருடைய எலும்புகளும் கிடைத்திருக்கின்றன, அவர்கள் யாருக்கு யார் என்று அறையின் அகலம் சொல்லாது. கூடலூர்க்காரி, கல்லில் வருகிற கூடல் ஊர் உங்கள் ஊர்தான் என்று முடிவு கட்டாதீர்கள், நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. அப்புறம் போகிற எல்லோருக்கும்: மூடுகல் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், பாறையில் கீறிய ஓவியத்தில் சாக்பீஸ் தடவாதீர்கள், கறுப்பு சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் பையில் போடாதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்த ஓட்டை வைத்துக் காலம் கணிப்பது கஷ்டம். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வைத்து, கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.

கூடலூர்க்காரி, தேனி:
நீலகிரிக் கூடலூர் எனக்கும் தெரியும் அண்ணா. கல் கிடைத்தது எங்கள் தேனி மாவட்டத்தில்.

கோவில்கடவு:
சான்று என்று நான் எங்கே சொன்னேன்? காந்தலூர், மறையூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்த 'ரெண்டு பேர்' கதையை வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா? அதற்குத்தான் எழுதினேன்.